பாட்டும் தெரியும், வாளியையும் தொடுவான்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். 2 வயதிலிருந்து 5 வயதுவரை 22 பிள்ளைகள். சாயங்காலம் ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற அண்ணன் அக்காமாரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஊரைச் சுற்றி நெல்லும் வாழையும்; கூப்பிடு தூரத்தில் வாய்க்கால். பூச்சி மருந்தைத் தொடக்கூடாது, டிராக்டர் பக்கம் போகக்கூடாது என்று பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படமும் காட்டியிருக்கிறேன். கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்கிறார்கள். போன மாதம், அந்தப் பாட்டை எல்லோரையும்விட நன்றாகப் பாடுகிற 4 வயதுப் பையன், அவன் அப்பா வாழைக்கு மருந்து கலக்கிய வாளியில் தண்ணீர் மொண்டு விளையாடிக்கொண்டிருந்தான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்லித்தரும் முறையில் என்ன தப்பு? வீட்டு வேலை, வயல் வேலையில் பிள்ளைகளை எந்த வயதில் சேர்க்கலாம்? அந்தப் பையனின் அப்பாவிடம் எப்படிப் பேசுவது? பேசினால் சண்டையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையன் நீங்கள் சொன்னதை மீறவில்லை. உங்கள் பாட்டில் வருவது மருந்து. அவன் கையில் கிடைத்தது வாளி. முந்தின வாரம் அதே வாளியில் ஆச்சி அவனைக் குளிப்பாட்டியிருக்கலாம். 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு சொல் என்பது, அந்தச் சொல்லோடு அவன் கண்ட ஒரு பொருள்தான். படத்தில் மண்டையோடு போட்ட பாட்டிலைப் பார்த்திருக்கிறான். அதைக் கண்டால் விலகுவான். வாளி, கலக்கின கம்பு, பாட்டில் மூடி, அப்பாவின் ஈரச் சட்டை, இவையெல்லாமும் மருந்துதான் என்று தானாகக் கூட்டிப் பார்க்கிற புத்தி அந்த வயதில் வராது. பாட்டு மனப்பாடம் ஆவது ஒன்று, கை நிற்பது வேறொன்று.

ஆகவே முதலில் ஒரு வரிசையை ஒப்புக்கொள்ளுங்கள். ஆபத்து பிள்ளைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். அது பூட்டு, சுவர், மூடி. அடுத்தது பெரியவர்களின் பழக்கம். பிள்ளைக்குப் பாடம் மூன்றாவதுதான். 5 வயதுக்குள் இருக்கிற பிள்ளையிடம் பாடத்தை மட்டும் நம்பிப் பூட்டை விட்டால், அது அவன் தலையில் நாம் ஏற்றுகிற பாரம். 6, 7 வயதுக்கு மேல்தான் பாடத்துக்குக் கொஞ்சம் பலன் உண்டு. அப்போதும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

மூன்றாவது என்பதால் பாடம் வீண் என்று அர்த்தமில்லை. சொல்லித்தரும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். "தொடாதே" என்ற சொல்லில், அப்புறம் என்ன செய்வது என்பது இல்லை. செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: கையைப் பின்னால் கட்டு, ரெண்டு எட்டு பின்னால் வை, "டீச்சர், இங்க என்னமோ இருக்கு" என்று கூப்பிடு. இதை உட்கார்ந்து பாடாமல், எழுந்து நடந்து உடம்பால் பழக வேண்டும். தினமும் 5 நிமிடம், ஒரே ஒரு விஷயம், இரண்டு வாரம். கழுவிய புது வாளி, குச்சி, காலி அரிசிச் சாக்கு என்று வாசலில் வெவ்வேறு இடத்தில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக நடக்கவிடுங்கள். வகுப்பறையில் சரியாகச் செய்கிற பிள்ளை வேப்பமரத்தடியில் மறந்துவிடும். வேப்பமரத்தடியில் செய்வது வரப்பில் மறந்துபோகும். இடம் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காலி மருந்து பாட்டிலையோ பழைய ஸ்பிரேயரையோ பாடத்துக்கு என்று மட்டும் எடுத்து வந்துவிடாதீர்கள். கழுவினாலும் அது மருந்து பாட்டில்தான்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் ஊரில் ஆபத்து அங்கேதான் தொடங்கியிருக்கிறது. லேபிளில் 'ஈ.சி.' என்று போட்ட மருந்துகள் எண்ணெய் போன்ற கரைப்பானில் இருப்பவை. தண்ணீரில் ஊற்றினதும் பாலாக வெளுத்துவிடும். பெரியவர் கண்ணுக்கு மருந்துத் தண்ணீர். பிள்ளை கண்ணுக்குப் பால், மோர். வாழைத் தூரில் போடுகிற குருணை மருந்தில் சிலது நிறம் ஏற்றியது. சிந்திக் கிடந்தால் சீரக மிட்டாய்தான். இன்னொரு சிக்கல் முக்கோணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமைக்கேற்ப லேபிளில் உள்ள முக்கோணத்துக்கு நிறம் இருக்கும். கடுமையானது சிவப்பு, குறைந்தது பச்சை. இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டவே வேண்டாம். சிக்னல் பாடத்தில் பச்சை என்றால் போகலாம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பச்சை முக்கோணமும் நஞ்சுதான். நிறப் பாடம் அப்பா அம்மாவுக்கு.

பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் சேர்த்து ஒரு செய்முறை. 2 ஸ்பூன் மஞ்சள்தூளை 1 ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஒரு புதுக் குவளையின் கைப்பிடியில் தடவுங்கள். பிள்ளைகளை அந்தக் குவளையால் தண்ணீர் மொள்ள விடுங்கள். பிறகு பந்தைக் கொடுங்கள், ஆளுக்கொரு முறுக்கு கொடுங்கள். 10 நிமிடம் கழித்து வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கையில் இருக்கும், பந்தில் இருக்கும், கடைவாயில் இருக்கும், குவளையைத் தொடவே தொடாத பிள்ளையின் சட்டையிலும் இருக்கும். அப்புறம் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் இறங்கும். "வாளியைத் தொட்டா என்ன, குடிக்கலையே" என்று கேட்கிற தாய்க்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மஞ்சளை விஷம் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள், மறுநாள் யாரும் ரசம் சாப்பிட மாட்டார்கள். "இது அழுக்கு விளையாட்டு" என்றால் போதும்.

வீடுகளில் கேட்க வேண்டியது நாலு விஷயம். மருந்து பூட்டிய பெட்டியில், பெரியவர் கண்மட்டத்துக்கு மேலே. கூரை இடுக்கில் செருகுவது, கட்டிலடியில் தள்ளுவது இரண்டும் கூடாது. குளிர்பான பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ மிச்ச மருந்தை ஊற்றி வைப்பது அறவே கூடாது. பிள்ளைகள் விஷம் குடிப்பது பெரும்பாலும் இப்படி மாற்றி ஊற்றியதைத்தான். காலியான டப்பாவை மூன்று தடவை அலசி, அலசின தண்ணீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை விழுந்த டப்பாவில் யாரும் மண்ணெண்ணெய் வாங்கப் போகமாட்டார்கள். நாலாவது, மருந்தடித்து வந்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அப்பா வாசலில் கால் வைத்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற பிள்ளையைத் தடுப்பது கஷ்டம்தான். தொழுவத்துப் பக்கம் ஒரு கொடியில் மாற்று லுங்கியும் சோப்பும் வைத்தால் அவர் வாசலுக்கே குளித்துவிட்டு வருவார். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். மருந்தடித்த வயலுக்குப் பிள்ளையைக் குறைந்தது இரண்டு நாளைக்குக் கூட்டிப்போக வேண்டாம். லேபிளில் கூடுதலாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படி நடந்தால் ஆகுமா ஆகாதா என்று காத்திருக்க வேண்டாம். உடுப்பை உடனே கழற்றி, 15 நிமிடம் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் குளிப்பாட்டுங்கள். நகக்கண், காது மடிப்பு, தலைமுடி எல்லாம் சேர்த்து. கண்ணில் பட்டிருந்தால் கண்ணையும் அதே 15 நிமிடம் கழுவ வேண்டும். எச்சில் ஒழுகுவது, வேர்த்துக் கொட்டுவது, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணின் கருமணி கடுகளவு சுருங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108. குடித்துவிட்டான் என்று தெரிந்தால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வருகிற மருந்து நுரையீரலுக்குள் இறங்கினால் இரட்டைச் சேதம். பாட்டிலை லேபிளோடு கையில் கொண்டு போங்கள். டாக்டருக்கு உங்கள் வர்ணனையைவிட அந்த லேபிள் உதவும். டெல்லி எய்ம்ஸில் இருக்கிற தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. அங்கன்வாடிச் சுவரில் எழுதி வையுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்றை இந்த மாதிரிப் பாட்டுகளில் யாரும் சேர்ப்பதில்லை. தப்பைச் சொன்னால் அடி விழும் என்று பயந்த பிள்ளை, மருந்தை வாயில் வைத்துவிட்டுப் போய் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நஞ்சு ஏறும். பூச்சாண்டி, போலீஸ் என்று பயமுறுத்திச் சொல்லிக்கொடுத்த வீட்டில்தான் இது நடக்கும். அதனால் ஒரு விளையாட்டு வையுங்கள். "சொல்லிட்டேன்" விளையாட்டு: பிள்ளை வந்து, "டீச்சர், நான் தண்ணியைக் கொட்டிட்டேன்" என்றால், "சொன்னியே, நல்ல பிள்ளை" என்று முதலில் கையைத் தட்டுங்கள். துடைப்பது அப்புறம். தாய்மார் கூட்டத்தில் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இது ஒன்று நின்றால் போதும் என்பேன்.

டிராக்டர் பாடத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் வேலை. கோயில் திடலில் ஒரு டிராக்டரை நிறுத்தச் சொல்லுங்கள். என்ஜின் அணைந்து, சாவி டிரைவர் சட்டைப்பையில், பின்னால் மாட்டிய ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறுகிற சுழல் கத்தி) தரையில் இறங்கியிருக்க வேண்டும். தாய்மாரை ஒருவர் பின் ஒருவராக சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, பின்பக்கத்திலும் பெரிய டயர்களின் ஓரத்திலும் 3 வயதுப் பிள்ளை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தலைகீழான வாளிமேல் வைத்து நகர்த்துங்கள். சீட்டிலிருந்து குடம் தெரியாத இடத்தையெல்லாம் கோலப்பொடியால் வளைத்துக் கோடு போடுங்கள். முடிவில் தரையில் இருக்கிற வெள்ளை வளையத்தைப் பார்த்தால் தாய்மாரே பேசமாட்டார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, கோட்டுக்கு வெளியே நிற்கவைத்துப் பழக்கலாம். 4 வயதுக்கு மேல் புரிகிற விதி இது: "டிரைவர் மாமா முகம் எனக்குத் தெரியணும். அவர் என் பேரைச் சொல்லிக் கையைக் காட்டணும். அதுவரைக்கும் நான் சுவரைத் தொட்டுக்கிட்டு நிப்பேன்." மூன்றடி, ஐந்தடி என்று தூரம் சொன்னால் அந்த வயதுக்கு ஏறாது. தொட்டுக்கொள்ள ஒரு சுவரோ தூணோ வேண்டும்.

மட்கார்டில் பிள்ளையை உட்காரவைத்து ஒரு சுற்று போவது எல்லா ஊரிலும் இருக்கிறது. அழுகையை நிறுத்த அதைவிட லேசான வழி கிடையாது. வரப்பில் ஏறி இறங்கும்போது பிள்ளை விழுந்தால் விழுகிற இடம் பின்டயருக்கு முன்னால், அல்லது நேரே ரோட்டவேட்டரில். டிராக்டரில் சீட்டு ஒன்றுதான், ஆளும் ஒருத்தர்தான். ரோட்டவேட்டரைச் சுழற்றுகிற பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது டிராக்டரின் பின்பக்கம் சுற்றுகிற தண்டு, சாதாரணமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு 9. பாவாடை நாடாவோ துப்பட்டாவோ சிக்கினால், ஐயோ என்று வாய் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதன்மேல் வருகிற பிளாஸ்டிக் உறை உடைந்தால் கழற்றி வீசிவிடுகிறார்கள். புது உறை வாங்கிப் போடும்வரை அந்த வண்டி ஓடுகிற இடத்தில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அறுப்பு மெஷின் வருகிற நாளில் சிந்தின கதிர் பொறுக்க அதன் பின்னாலேயே பிள்ளைகள் ஓடுவார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் அங்கன்வாடியை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடத் திறந்துவைக்க முடியுமா, அல்லது ஓர் ஆச்சி முறைபோட்டுப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஊரில் பேசிப் பாருங்கள்.

தண்ணீர். கோடையில் கன்னடியன் கால்வாய் போன்றவை வறண்டு கிடக்கும்போது அதன் தரையே பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். கார் நெல் பருவத்துக்காக ஜூன் வாக்கில் பாபநாசம் அணையைத் திறந்துவிட்டால், நேற்று ஓடிப்பிடித்து விளையாடின இடத்தில் இன்றைக்குக் கழுத்தளவு ஓடும். திறப்பு தேதி அறிவித்த அன்றே பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி, "இனி இது தண்ணி வீடு" என்று காட்டுங்கள். தண்ணீர் வந்த பிறகு இன்னொரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வண்டல் அள்ளிய குளங்களில் குழி எங்கே என்பது நீர் நிறைந்தால் யாருக்கும் தெரியாது. அள்ளி முடிந்ததும் குழி ஓரங்களைச் சரித்துவிடச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும். கிணற்றுச் சுவர் இடுப்புயரம் இருந்தாலும், பக்கத்தில் ஒரு கல்லோ மோட்டார் பெட்டியோ கிடந்தால் அது ஏணி. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் போய்விடும். ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற அக்கா அண்ணன்மாருக்கு இதைப் பழக்குங்கள்: குதிக்கக் கூடாது, கத்தணும், கம்பையோ கயிறு கட்டிய காலிக் கேனையோ எறியணும். மருந்துக் கேன் வேண்டாம், குடிதண்ணீர்க் கேன். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வீண் நேரம். மூச்சு இல்லையென்றால் முதலில் 5 தடவை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்; பிறகு நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30. அழுத்தம் நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒருமுறை பொம்மையில் செய்து பழகிவிடுங்கள். படித்தால் மட்டும் கை வராது.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் பாடமே கிடையாது. 2014-ல் சங்கரன்கோவில் பக்கம் விழுந்த குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தையை எடுக்க முடியவில்லை. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும், பயனில் இருப்பதை இரும்புத் தகட்டால் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சாக்கைப் போட்டுக் கல் வைப்பது திறந்து கிடப்பதைவிட மோசம், ஓட்டை இருப்பதே தெரியாது. எங்காவது கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

மின்சாரம், பாம்பு இரண்டும் சுருக்கமாக. மோட்டார் ரூமுக்குப் பூட்டு. பிள்ளைகளுக்கு அந்தச் சுவரைத் தொட வேண்டாம் என்ற ஒரே விதி. கம்பி அறுந்து கிடந்தால் யாரையும் கிட்டே விடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்ல வேண்டும். பன்றிக்காகத் தோட்டத்து வேலியில் நேரடி மின்சாரம் கொடுப்பது குற்றம்; களக்காடு அடிவாரம்போலக் காட்டுப்பன்றி வருகிற இடத்தில் இதைத் தயங்காமல் பேசுங்கள். வைக்கோல் படப்பு, கோழிக்கூடு, எலி வளை இருக்கிற இடத்தில் பிள்ளைகள் கைவிட வேண்டாம். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருக்கும்போது. வலியே தெரியாமல் போகலாம். விடியலில் வயிறு வலிக்குது என்கிற பிள்ளைக்குக் கண்ணிமை சரிந்தால் அது வாயுத்தொல்லை இல்லை. கட்டுப்போடாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையோ, எது கிட்டேயோ அங்கே.

வேலையில் சேர்ப்பது பற்றி: 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குள் யாரையும் வேலைக்கு வைக்க முடியாது. பள்ளி நேரம் போக, லீவு நாளில் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம். அதுவும் ஆபத்தில்லாத வேலையில். 4 வயதுக்கு ஆச்சியோடு கோழிக்குத் தீனி போடுவது, கீரை ஆய்வது. 7 வயதுக்கு விதையை எண்ணிக் கொடுப்பது, கழுவின தேங்காயை அடுக்குவது. அரிவாள், மம்பட்டி, மருந்து, மோட்டார், மாட்டை அவிழ்ப்பது எதுவும் இந்தப் பட்டியலில் வராது.

கடைசியாக அந்த அப்பா. "உங்க பையன் செத்திருப்பான்" என்று தொடங்கினால் அவர் குரல் உயரும், பிறகு எதுவும் நடக்காது. தெருவில் நாலு பேர் முன்னால் பேசாதீர்கள். அவர் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற நேரம்தான் நல்லது. குற்றத்தை வாளி மேல் போடுங்கள், கையில் ஒரு வேலையோடு போங்கள். சின்ன சிவப்பு பெயின்ட் டப்பா ஒன்று போதும். "அண்ணாச்சி, நம்ம பையன் அன்னைக்கு மருந்து வாளியில தண்ணி மொண்டுட்டான். அவன் மேல தப்பில்ல, எல்லா வாளியும் ஒரே மாதிரி இருக்கு. உங்க வாளிக்குச் சுத்தி ஒரு செவப்புப் பட்டை அடிச்சுத் தாரேன், அது மருந்துக்கு மட்டும். வேலை முடிஞ்சதும் கவுத்துத் தொழுவத்து ஆணியில மாட்டிருங்க, ஆணியை உங்க தலைக்கு மேல அடிங்க." அவர் சரி என்றால் அப்போதே பட்டையை அடித்துவிடுங்கள். பெயின்ட் மிச்சம் இருக்கும். அடுத்த வீட்டு வாளியையும் கேளுங்கள்.